டீ பைத்தியத்துக்கு ஐம்பது வயது: லண்டன் குறிப்புகள்

புதன்

வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் இவருக்கு ஐம்பது முடிகிறது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்" என்பதுதான் வருடா வருடம் வரும் பதில். அதனால் இந்த முறை நான் கேட்கவே இல்லை. டிக்கெட் போட்ட பிறகுதான் சொன்னேன்.

"லண்டனுக்கா? எதுக்கு?"

"டீ குடிக்க."

அதற்கு மேல் மறுப்பு வரவில்லை.

இவரை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பயணப் பையில் சட்டைக்கு முன்னால் டீத்தூள் டப்பா, வடிகட்டி, தண்ணீர்ச் சூடு பார்க்கும் குட்டித் தெர்மாமீட்டர் மூன்றும் ஏறிவிடும் ரகம். எனக்கு எது சூடாக வந்தாலும் சரி. ஆகவே இந்தப் பயணத்தில் டீயைப் பற்றிய ஆராய்ச்சி இவருடையது, மேசை பிடிப்பதும் பில் கட்டுவதும் என்னுடையது.

திட்டத்தில் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். மதியம் மூன்று மணிக்கு ஆஃப்டர்நூன் டீ, இரவு எட்டு மணிக்குப் பெரிய உணவகத்தில் டின்னர் என்று ஒரே நாளில் இரண்டையும் அடக்கச் சொல்கிறவர்கள் நிறைய. நான் அதற்கு ஒப்பவில்லை. ஆஃப்டர்நூன் டீ என்பது பெயருக்குத்தான் டீ, வயிற்றுக்கு அது முழுச் சாப்பாடு. அதை முடித்துவிட்டு ராத்திரி ஒன்பது தட்டு சாப்பிட உட்கார்ந்தால் ஆறாவது தட்டில் கண் சொருகும், காசும் வீண். எனவே டீ வெள்ளிக்கு, டின்னர் சனிக்கு.

ஹோட்டலுக்கு வந்ததும் அறையிலிருந்த கெட்டிலில் வெந்நீர் வைத்தோம். கெட்டிலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. இரண்டு நிமிடத்தில் டீயின் மேல் மெல்லிய பழுப்பு ஏடு. கோப்பையை ஜன்னல் பக்கம் சாய்த்தால் அது விரிசல் விட்டு உடைவது தெரிகிறது. இவர் அதை ஒரு கரண்டியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். லண்டன் தண்ணீர் சுண்ணாம்புப் பாறை வழியாக வருவதால் கடினத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் டீக்குத் துவர்ப்புத் தரும் பாலிஃபீனாலும் காற்றுப் பட்டுச் சேர்ந்தால் இந்த ஏடு. இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் போய்விடும். இதற்காகவே கடினத் தண்ணீருக்கு ஏற்ற கலவை என்று தனியாகப் பொட்டலம் போட்டு விற்கிற நாடு இது. ஐம்பது வயதுக்காரர் கோப்பையைத் தொட்டியில் கொட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். "வா, நல்ல இடமா போவோம்."

ஸ்ட்ராண்ட் தெருவில் 216-ஆம் எண். டுவைனிங்ஸ் கடை. தாமஸ் டுவைனிங் 1706-இல் ஒரு காபி ஹவுஸை விலைக்கு வாங்கி அதில் டீயும் விற்க ஆரம்பித்த இடம். எதிரே கோட்டை மாதிரி நீதிமன்றக் கட்டடம் நிற்பதால் இந்தக் கடையைக் கவனிக்காமலே தாண்டிவிடலாம், அவ்வளவு ஒடுக்கம். வாசலுக்கு மேல் தங்க நிறச் சிங்கமும் இரண்டு சீன வணிகர் உருவங்களும். 1787-இல் வைத்தவை. உள்ளே இரண்டு பக்கமும் அலமாரி, நடுவில் ஆள் நடக்க வழி, கடைசியில் ருசி பார்க்கும் மேடை.

அங்கே நின்றுகொண்டு இவர் எனக்கு வரிக் கதை சொன்னார். 18-ஆம் நூற்றாண்டில் டீக்கு வரி 119 சதவீதம் வரை ஏறியிருந்ததாம். அதனால் கடத்தல் டீதான் ஊரெங்கும். டுவைனிங் குடும்பத்தின் ரிச்சர்ட் பிரதமர் பிட்டிடம் எடுத்துச் சொல்ல, 1784-இல் வரியை 12.5 சதவீதமாகக் குறைத்தார்கள். கடத்தலில் லாபம் போனது, கடத்தலும் படுத்தது. பணக்காரர் பூட்டி வைத்த சாமானை ஏழை வீட்டு அடுப்படிக்குக் கொண்டுவந்ததில் இந்த வரிக் குறைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. நான் பாதி தூக்கத்தில் கேட்டேன். விமானக் களைப்பு.

வியாழன்

காலையில் தேம்ஸ் நதியில் படகு பிடித்து கிரீனிச். எல்லாரும் தீர்க்கரேகைக் கோட்டின் மேல் காலை அகட்டி வைத்துப் போட்டோ எடுக்க மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போனது கீழே கரையில் நிற்கும் கட்டி சார்க் கப்பலுக்கு.

சீனாவிலிருந்து டீ கொண்டுவருவதற்கென்றே கட்டிய பாய்மரக் கப்பல் இது. ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் 1869 நவம்பர் 22 அன்று தண்ணீரில் இறக்கினார்கள். கப்பலின் தலையெழுத்தைப் பாருங்கள்: சூயஸ் கால்வாய் திறந்தது அதே மாதம் 17-ஆம் தேதி. ஐந்தே நாள் முன்னால். நீராவிக் கப்பல்கள் கால்வாய் வழியே குறுக்காக வந்துவிடும். பாய்மரத்துக்குச் செங்கடல் காற்று ஒத்துவராது, ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வரவேண்டும். பிறக்கும்போதே தொழில் போய்விட்டது. ஆனாலும் 1870-களில் டீ ஏற்றி ஓடியது. முதல் பயணத்திலேயே ஷாங்காயிலிருந்து 13 லட்சம் பவுண்டு எடை, நம் கணக்கில் 590 டன் வாக்கில், கொண்டுவந்திருக்கிறது.

சரக்கு அறைக்குள் இறங்கினால் டீப் பெட்டிகளை எப்படி அடுக்கினார்கள் என்று காட்டியிருக்கிறார்கள். கப்பலின் பக்கம் வளைந்திருக்கும், பெட்டி சதுரம். கடலில் ஒரு பெட்டி நகர ஆரம்பித்தால் எல்லாம் நகரும். அதனால் ஓர் அங்குலம் இடைவெளி இல்லாமல் அடித்து இறுக்கியிருக்கிறார்கள். அந்த அறையில் தலை குனிந்து நின்றபோதுதான் எனக்கு இந்த டீ விவகாரத்தில் கொஞ்சம் அக்கறை வந்தது. அதுவரை இவருக்காகத்தான் கூட நடந்தேன்.

1872-இல் தெர்மோபிலே என்ற கப்பலுடன் நடந்த பந்தயத்தையும் அங்கே சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் ஷாங்காயிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றாகக் கிளம்பின. கட்டி சார்க் நன்றாக முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது இந்தியப் பெருங்கடலில் சுக்கான் உடைந்து போனது. துறைமுகம் எதற்கும் போகாமல், நடுக்கடலிலேயே புதிதாக ஒரு சுக்கான் செய்து மாட்டிக்கொண்டு, 7 நாள் பின்தங்கி லண்டன் வந்து சேர்ந்தது. தோற்ற கப்பலுக்குத்தான் பேர். ஜெயித்த கப்பலைப் பார்க்க இன்று இடமே இல்லை.

2007-இல் புதுப்பிக்கும் வேலை நடந்தபோது தீப்பிடித்து, பிறகு சரிசெய்து 2012-இல் திறந்தார்கள். இப்போது கப்பலைச் சுமார் 3 மீட்டர் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அடிப்பக்கத்தின் கீழேயே நடக்கலாம். தலைக்கு மேல் செம்பு நிறத் தகடு பளபளவென்று நீண்டுகொண்டே போகிறது. இவர் அண்ணாந்தபடியே அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நடந்தார். எதிரே வந்த பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக விலகி வழிவிட்டார்கள்.

மாலை மழை. அறையிலேயே இருந்துவிட்டோம்.

வெள்ளி

பிறந்தநாள். காலையில் வெறும் பழத்தோடு நிறுத்திக்கொண்டோம். ஆஃப்டர்நூன் டீக்குப் போகிறவர்கள் இதை மட்டும் கேளுங்கள்: மதியச் சாப்பாட்டைத் தொடாதீர்கள்.

எங்கே போவது என்று ஒரு மாதம் யோசித்தேன். ரிட்ஸ் ஹோட்டலின் பாம் கோர்ட் என்றால் 1906-இலிருந்து பெயர் பெற்றது, ஆனால் ஆண்கள் கோட்டும் டையும் கட்ட வேண்டும். டை கட்டிய நாளில் இவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கல்யாண ஆல்பத்தில் இருக்கிறது. லாங்ஹம் ஹோட்டலில் 1865-இலிருந்து மாலைத் தேநீர் தருகிறோம் என்கிறார்கள். கடைசியில் பிக்காடில்லியில் இருக்கும் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் என்று முடிவானது. காரணம், அது டீக்குப் பேர்போன மளிகைக் கடை. 1707-இல் தொடங்கியது. அரண்மனையில் வேலை பார்த்த வில்லியம் ஃபோர்ட்னம், அங்கே தினமும் மிச்சமாகும் மெழுகுவர்த்தியை விற்றுச் சேர்த்த காசுதான் கடைக்கு மூலதனமாம். வாசல் மேலே ஒரு கடிகாரம். 1964-இல் வைத்தது. மணிக்கொரு தடவை இரண்டு முதலாளிகளின் பொம்மையும் வெளியே வந்து ஒருவருக்கொருவர் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போகும். மூன்று மணிக்கு அதைப் பார்த்துவிட்டே ஏறினோம்.

நான்காம் மாடியில் டைமண்ட் ஜூபிலி டீ சலூன். 2012-இல் எலிசபெத் ராணி வந்து திறந்தது. வெளிறிய பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் பாத்திரங்கள், ஓரத்தில் ஒருவர் பியானோ வாசிக்கிறார். சுற்றிலும் பார்த்தால் பாதி மேசையில் ஏதோ ஒரு விசேஷம். எல்லாரும் மூன்றடுக்குத் தட்டு வந்ததும் போனைத் தூக்குகிறார்கள். நானும் தூக்கினேன், ஏன் பொய் சொல்ல வேண்டும். ஆனால் டீக் கெட்டில் வந்தபோது யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெயரிலேயே டீ இருக்கிற விருந்தில் டீயை ஏறிட்டுப் பார்த்தவர் எங்கள் மேசையில் மட்டும்தான் இருந்தார்.

டீக்கென்று தனிப் பட்டியல், பக்கம் பக்கமாக. முதலில் டார்ஜிலிங் முதல் பறிப்பு கேட்டார். மார்ச், ஏப்ரலில் பறிக்கும் கொழுந்து. நாங்கள் போயிருப்பது மே மாதம் என்பதால் அதைக் கேட்பதுதான் முறை என்றார். பால் வேண்டுமா என்று பரிமாறுகிற பெண் கேட்டதற்கு இவர் வேண்டாம் என்று தலையாட்டிய வேகத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னொரு காலி கெட்டில் கிடைக்குமா? சூடா இருந்தா நல்லது."

அந்தப் பெண் ஒரு கேள்வியும் கேட்காமல் கொண்டுவந்து வைத்தார். மூன்று நிமிடம் இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு முதல் கெட்டிலில் இருந்த டீ முழுவதையும் வடிகட்டி வழியாகக் காலிக் கெட்டிலுக்கு மாற்றினார். இலை அதிலேயே ஊறிக்கொண்டிருந்தால் இரண்டாவது கோப்பை கசக்கும், மூன்றாவது கோப்பை தொண்டையைப் பிடிக்கும். எத்தனை அழகான கெட்டிலானாலும் இதுதான் நடக்கும். மாற்றிவிட்டால் கடைசிச் சொட்டுவரை ஒரே ருசி. வடிகட்டியில் தங்கிய இலையைச் சாம்பல் நிற நாப்கினில் கொட்டிப் பரப்பிக் காட்டினார். கரும்பழுப்பு என்று நினைத்தால் பாதி இலை பச்சையாகவே இருக்கிறது. ஓரம் மட்டும் செம்பு நிறம். கோப்பையில் டீ வெளிறிய மஞ்சள். வாயில் வைத்தால் முதலில் வெந்நீர் என்றே தோன்றும், விழுங்கிய பிறகு மூக்கில் பூ வாசனை ஏறும். என்னையும் அறியாமல் இன்னொரு கோப்பை கேட்டேன். இவர் முகத்தில் என்ன ஒரு வெற்றி!

தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழடுக்கு விரல் நீளச் சாண்ட்விச், நடுவில் ஸ்கோன் என்ற சின்ன பன், மேலே கேக். கீழிருந்து மேலே சாப்பிட வேண்டும். சாண்ட்விச் தீர்ந்தால் கேட்டால் மறுபடி தருவார்கள், கூச்சப்பட வேண்டாம். வெள்ளரிக்காய்ச் சாண்ட்விச்சைப் பார்த்து இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். டீயோடு அதுதான் சேர்ந்தது, ரொட்டியும் வெண்ணெயும் வெள்ளரியும் டீயின் வாசனையைத் தொந்தரவு செய்வதில்லை. கொரனேஷன் சிக்கன் 1953-இல் எலிசபெத் முடிசூட்டு விழா விருந்துக்காக உருவானது. மசாலா போட்ட மயோனைஸ். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் டார்ஜிலிங்கை அது விழுங்கிவிட்டது. ஸ்கோனுக்கு க்ரீம் முதலா ஜாம் முதலா என்பதில் டெவன்காரர்களும் கார்ன்வால்காரர்களும் இன்னும் சண்டை. டெவனில் க்ரீம் முதல், கார்ன்வாலில் ஜாம் முதல். நான் இரண்டு பாதியையும் இரண்டு விதமாகச் சாப்பிட்டேன். ஜாம் கீழே இருந்தால் க்ரீம் உதட்டில் முதலில் படும், அதுவே எனக்குப் பிடித்தது.

இந்த வழக்கத்துக்கே பெட்ஃபோர்டு கோமகள் அன்னா காரணம் என்று ஒரு கதை உண்டு. 1840 வாக்கில் பணக்கார வீடுகளில் இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குத் தள்ளிப் போய்விட, மாலையில் பசி தாங்காமல் டீயும் கொஞ்சம் ரொட்டியும் அறைக்கே வரவழைத்துத் தின்றாராம். பிறகு தோழிகளையும் கூப்பிட, அது நாகரிகமாகிவிட்டது. இதை ஹை டீ என்று சொல்கிறவர்கள் நிறைய. ஹை டீ என்பது வேலைக்குப் போய் வந்த தொழிலாளி குடும்பம் மாலையில் மேசையில் உட்கார்ந்து இறைச்சியும் ரொட்டியுமாகச் சாப்பிட்ட சாப்பாடு. இரண்டும் வேறு வேறு.

இரண்டாவது கெட்டில் இலங்கை டீ. பட்டியலில் திம்புல, ஊவா, நுவரெலியா என்று வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இலங்கையில் முதலில் காபிதான் பயிர். 1869-இல் துரு நோய் வந்து காபித் தோட்டங்கள் அழிய ஆரம்பித்தன. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1867-இலேயே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார், எல்லாரும் அவர் வழிக்கு வந்தார்கள். அந்த மலைகளில் காடு வெட்டி, பாதை போட்டு, கொழுந்து பறித்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து போன தமிழ் ஜனங்கள். இன்றும் பறிப்பவர்கள் அவர்கள் வழி வந்த பெண்கள்தான் அதிகம். பட்டியலில் மலையின் உயரம் போட்டிருக்கிறது, வாசனை எந்தப் பழம் மாதிரி என்று போட்டிருக்கிறது. பறித்த கையைப் பற்றி ஒரு வரி இல்லை. பியானோ வாசிக்கும் இடத்தில் இதையெல்லாம் எதிர்பார்ப்பது அதிகம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோட்டத்தின் பெயரைப் போட இடமிருக்கும்போது இதற்கும் இடம் இருக்கும்.

திம்புல டீ செம்பழுப்பு நிறம், வாயில் சுறுசுறுவென்று பிடிக்கிறது. இதற்குக் கொஞ்சம் பால் விட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. விட்டுக்கொண்டேன். கொரனேஷன் சிக்கனுக்கு இதுதான் ஜோடி.

பிறந்தநாள் என்று முன்பதிவின்போது எழுதியிருந்தேன். சின்னத் தட்டில் சாக்லெட்டில் வாழ்த்து எழுதி, ஒரு மெழுகுவர்த்தி வைத்து, சத்தம் போடாமல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். பாட்டு இல்லை, கைதட்டல் இல்லை. இவர் அதற்காகவே அவர்களை மனதார வாழ்த்தினார். மீந்த கேக்கை டப்பாவில் கட்டிக்கொடுத்தார்கள்.

திரும்பும் வழியில் இவர் சொன்னது: லண்டனில் அசாம் டீயை முதலில் ஏலம் விட்டது 1839 ஜனவரி 10, எட்டே எட்டுப் பெட்டி. லண்டன் டீ ஏலம் நிரந்தரமாக மூடியது 1998 ஜூன் 29. கடைசியாகப் போனது இலங்கை ஹெல்பொட தோட்டத்துப் பெட்டி, 44 கிலோ, கிலோ 555 பவுண்டு. வாங்கியவர்கள் ஹாரோகேட் ஊரின் டெய்லர்ஸ் டீ கம்பெனி. "அந்தப் பெட்டியோட டீ எப்படி இருந்திருக்கும்?" என்று மூன்று தெரு தாண்டியும் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு எப்படித் தெரியும்!

சனி

பகலில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம். அங்கே இருக்கிற உணவறைகள் 1860-களில் தொடங்கியவை. அருங்காட்சியகத்துக்குள் சாப்பாட்டுக்கடை என்பதையே முதலில் செய்து காட்டியவர்கள் இவர்கள்தான் என்கிறார்கள். ஓடு பதித்த தூண்களைப் பார்த்துவிட்டு வந்தோம், ஒன்றும் சாப்பிடவில்லை.

இரவு டின்னர். ஒரு மிஷெலின் ஸ்டார் வாங்கிய இடம். பெயர் எழுதவில்லை, ஏனென்றால் கொஞ்சம் குறை சொல்லப்போகிறேன்.

மிஷெலின் என்பது டயர் கம்பெனி 1900-இல் கார் ஓட்டுகிறவர்களுக்காகப் பிரான்ஸில் போட்ட வழிகாட்டிப் புத்தகம். ஸ்டார் கொடுக்க ஆரம்பித்தது 1926-இல். மூன்று ஸ்டார் என்றால் அதற்கென்றே ஒரு பயணம் போகலாம் என்று அர்த்தம். பிரிட்டனில் முதன்முதலில் மூன்று ஸ்டார் வாங்கியது 1982-இல் ரூ சகோதரர்களின் லெ காவ்ரோஷ். அதுவும் 2024 ஜனவரியில் மூடிவிட்டது. ஒரு ஸ்டார் இடத்திலேயே மேசை பிடிக்கக் கார்டு எண் கொடுக்க வேண்டியிருந்தது. வராமல் போனால் ஆளுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள்.

நான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், ஒவ்வொரு தட்டுக்கும் ஒயினுக்குப் பதிலாக டீ. நாங்கள் இரண்டு பேரும் குடிப்பதில்லை. முன்பெல்லாம் அப்படிப்பட்டவர்களுக்கு ஆரஞ்சு ஜூஸும் சோடாவும்தான். இப்போது நல்ல இடங்களில் மது இல்லாத ஜோடி என்று தனி வரிசையே வைக்கிறார்கள். இவருக்கு இதை நான் சொல்லவே இல்லை. முதல் ஒயின் கிளாஸில் பச்சை நிறத்தில் ஏதோ ஊற்றியபோது முகர்ந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது செஞ்சா!"

"தெரியும். இன்னும் வரும், உட்காருங்க."

ஜப்பானிய செஞ்சாவைக் குளிர்ந்த நீரில் மணிக்கணக்கில் ஊறவைத்தது. அப்படிச் செய்தால் கசப்பும் துவர்ப்பும் கம்மியாக இறங்கும். கூட வந்தது ஆஸ்பாரகஸ். இங்கிலாந்தில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரைதான் அதன் காலம். ஒயினோடு சேரவே சேராது என்று சமையல்காரர்கள் அலுத்துக்கொள்ளும் காய் அது. பச்சை டீயின் புல் வாசனைக்கு முன்னால் மட்டும் அடங்கி நடந்தது. இரண்டையும் மாறி மாறி வாயில் வைத்தால் எது காய், எது டீ என்று எல்லை தெரியவில்லை. அன்றைய இரவின் உச்சம் அதுதான். முதல் தட்டிலேயே உச்சம் வந்துவிட்டதால் பிறகு கொஞ்சம் இறக்கம்.

மீனுக்கு ஊலாங், பச்சை டீக்கும் கறுப்பு டீக்கும் நடுவிலான ரகம், சுமார் சூட்டில். ஆட்டிறைச்சிக்கு லாப்சாங் சூசோங், பைன் மரப் புகையில் உலர்த்திய சீன டீ. கொழுப்பை டீயின் துவர்ப்பு வெட்டிவிடுகிறது, புகை வாசனை இறைச்சியின் கருகின ஓரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. எனக்குப் பிடித்தது. இவருக்கு இன்னும் பிடித்தது, வேறு என்ன வேண்டும். இடையில் ஒரு கொம்புச்சா, புளிக்கவைத்த டீ, வந்தது. நான் அதைச் சுத்தமான வினிகர் என்பேன்.

குறை என்னவென்றால் பேச்சு. ஒவ்வொரு தட்டு வரும்போதும் ஓர் இளைஞர் குனிந்து நின்று எந்தப் பண்ணை, எத்தனை நாள் ஊறவைத்தது, செஃபின் சின்ன வயசு ஞாபகம் என்று சொல்லி முடிப்பதற்குள் தட்டு ஆறிவிடுகிறது. சொன்னதில் கால்வாசி எங்களுக்குப் புரியவில்லை, பக்கத்து மேசை ஆங்கிலேயருக்கும் புரியவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது.

ஒரு விஷயம் அங்கே உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது. இப்படி ஒவ்வொரு தட்டாகக் கொண்டுவரும் முறையை ருஷ்யப் பரிமாறல் என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ருஷ்யத் தூதர் குராகின் பாரிஸுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அதற்கு முன்னால் பிரெஞ்சு முறையில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிவிடுவார்கள். நேற்றைய மூன்றடுக்குத் தட்டு அந்தப் பழைய முறையைச் சேர்ந்தது. எல்லாம் கண்முன்னால், எதை எப்போது எடுப்பது என்பது நம் இஷ்டம். அதனால்தான் நேற்று நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம், இன்று காத்துக்கொண்டே இருந்தோம். எதில் பிறந்தநாள் கொண்டாடுவது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் டீ என்பேன். டின்னர் சமையல்காரரின் நாள். பிறந்தநாள்காரர் அங்கே பார்வையாளர்தான்.

கடைசியில் ஒரு வேடிக்கை. பிறந்தநாள் தட்டு, மெழுகுவர்த்தியோடு, பக்கத்து மேசைக்குப் போய்விட்டது. அந்த ஆங்கிலேயர் மனைவியைப் பார்த்தார், மனைவி அவரைப் பார்த்தார். பிறகு, வந்ததை விடுவானேன் என்று நினைத்தாரோ என்னவோ, ஊதிவிட்டார். பரிமாறுகிற இளைஞர் முகம் வெளுத்துப் போய் எங்களிடம் ஓடி வந்தார். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அவரே சாப்பிடட்டும் விடுங்க, எனக்கு நேத்தே ஐம்பது ஆயிடுச்சு." புதுத் தட்டு வந்தது, கூட டார்ஜிலிங் ஒரு கெட்டிலும் மரியாதைக்காக. இரண்டு மேசையும் சேர்ந்து பேச ஆரம்பித்து, அவர் சுண்ணாம்புத் தண்ணீரைப் பற்றி இவரிடம் புலம்பி, கடைசியாக வெளியே வந்தது நாங்கள் நாலு பேரும்தான்.

பில்லில் சேவைக் கட்டணம் சேர்த்தே வரும். லண்டனில் பெரும்பாலும் 12.5 அல்லது 15 சதவீதம். கட்டாயமில்லை, வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்கள். 2024 அக்டோபரிலிருந்து அந்தப் பணம் முழுவதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. முகம் வெளுத்த அந்தப் பையனை நினைத்து நான் முழுசாகவே கட்டினேன்.

ஞாயிறு

காலை உணவு, வெள்ளிக்கிழமை கட்டிக்கொண்டு வந்த கேக்.

போக நினைப்பவர்களுக்கு முன்பதிவு பற்றி: வார இறுதி டீக்கு ஒரு மாதமாவது முன்னால் பாருங்கள், கிடைக்காவிட்டால் வார நாள் மதியம் சுலபம். சைவம், முட்டை வேண்டாதவர், ஒவ்வாமை உள்ளவர் எல்லாம் பதிவின்போதே எழுதிவிட்டால் தனித் தட்டே போடுவார்கள். அங்கே போய்ச் சொன்னால் திண்டாட்டம். ஒரு மேசைக்கு இத்தனை நேரம் என்று கணக்கு உண்டு, அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். டீயை மாற்றிக் கேட்கலாம், பெரும்பாலும் கூடுதல் காசு கிடையாது. அபூர்வ டீ என்று தனியாகப் போட்டிருப்பதற்கு மட்டும் கூடுதல் காசு உண்டு.

அப்புறம் மறுபடி பிக்காடில்லி. ஜாடியிலிருந்து எடுத்து எடை போட்டுக் கொடுக்கிற கவுன்டரில் இவர் நின்ற நேரத்தில் நான் மாடி முழுவதும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். முதல் பறிப்பு கொஞ்சம், இரண்டாம் பறிப்பு கொஞ்சம், திம்புல நிறைய. திம்புல எனக்காம், பால் விட்டுக் குடிக்க.

இரவு விமானம். பெட்டியின் எடை இரண்டு கிலோ கூடிவிட்டது. டின்னருக்கென்று நான் கட்டாயப்படுத்தி எடுத்துவந்த கோட்டை வெளியே எடுத்து மாட்டிக்கொண்டு, அதன் நாலு பையிலும் டீப் பொட்டலத்தைத் திணித்துவிட்டு, "இப்ப போட்டுப் பாரு எடை" என்கிறார்.